ஒன்று முதல் பத்து வரை: குழந்தையின் மூச்சுப்பாதையில் திரும்பத் திரும்ப முளைத்த பாப்பிலோமா – ஒரு நிகழ்வு ஆய்வு

கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: பெண் குழந்தை, 2 வயது 8 மாதம், எடை பத்தரை கிலோ. பத்து மாதமாகக் குரல் கம்மல். மூன்று வாரமாக மூச்சு வாங்குகிறது. வீசிங் என்று மருந்து கொடுத்திருக்கிறார்கள். பலன் இல்லை.

பெற்றோருக்குத் தெரிந்துதான் இதை எழுதுகிறேன். குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டேன். தென்மாவட்டக் குடும்பம், அப்பா லாரி ஓட்டுகிறார், அம்மா வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கிறார் என்ற அளவில் தெரிந்தால் போதும்.

பாப்பிலோமா என்பது மரு மாதிரி முளைக்கும் கட்டி. இந்த நோயில் நான் எண்ணுவது ஒன்றைத்தான். ஒரு ஆபரேஷனுக்கும் அடுத்ததற்கும் நடுவில் எத்தனை நாள் கிடைத்தது? எவ்வளவு சுத்தமாக எடுத்தோம், எந்தக் கருவியால் எடுத்தோம் என்று மாநாடுகளில் நிறையப் பேசுகிறோம். நோயின் போக்கு தெரிவது அந்த இடைவெளியில்தான். இந்தக் குழந்தையின் இடைவெளிகளை என்னைவிட நன்றாகக் கணக்கு வைத்திருந்தது அவளுடைய அம்மா. அதைப் பின்னால் சொல்கிறேன்.

வருவதற்கு முன்

தலைப்பிள்ளை. அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவம். அப்போது அம்மாவுக்கு வயது 20. குழந்தை பிறந்தவுடன் நன்றாக வீறிட்டு அழுதது, ஒன்றே கால் வயதில் பேச ஆரம்பித்தது. 1 வயது 10 மாதத்தில் ஒரு சளிக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, குரல் திரும்பவில்லை.

முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தொண்டை கட்டியிருக்கிறது என்று சித்தரத்தை, பனங்கற்கண்டு, மிளகுப்பால் எல்லாம் நடந்தது. பக்கத்து வீட்டில் ‘கிழவி குரல்’ என்று செல்லமாகக் கேலி செய்தார்களாம். மூன்றாவது மாதத்தில் தூங்கும்போது ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்ததும் மருத்துவரிடம் போனார்கள். நெபுலைசர் வைக்கச் சொன்னார்கள். அடிக்கடி வைக்க வேண்டியிருந்ததால் வீட்டுக்கே ஒன்று வாங்கிவிட்டார்கள். நெஞ்சு எக்ஸ்ரே இரண்டு முறை எடுத்ததில் இரண்டும் சுத்தம். இரண்டு முறை ஸ்டீராய்டு சிரப் கொடுத்தபோது இரண்டு மூன்று நாள் நன்றாக இருந்திருக்கிறாள்.

இந்த இரண்டு மூன்று நாள்தான் எல்லோரையும் ஏமாற்றியது. ஸ்டீராய்டுக்குக் கேட்கிறது, அப்படியானால் ஆஸ்துமாதான் என்று தோன்றிவிடும். உண்மையில் அந்த மருந்து கட்டியைச் சுற்றியிருந்த வீக்கத்தைக் கொஞ்சம் வற்ற வைத்தது, அவ்வளவுதான். அந்த மருத்துவர்களைக் குறை சொல்ல மாட்டேன். முதல் மாதத்தில் வந்திருந்தால் நானும் அதையேதான் நினைத்திருப்பேன். இந்த நோயில் அறிகுறி தொடங்கியதற்கும் பெயர் தெரிவதற்கும் நடுவில் பல மாதம், ஒரு வருடம்கூட ஆகிவிடுவது உலகம் முழுக்க வழக்கம்தான். அதுவரை ஆஸ்துமா, குரூப் (வைரஸால் வரும் குரல்வளை வீக்கம்), நாள்பட்ட சளி என்று ஏதோ ஒரு பெயரில் வைத்தியம் நடக்கும்.

ஆனால் ஒரு விஷயம் இருக்கிறது. ஆஸ்துமாவில் சத்தம் மூச்சை விடும்போது நெஞ்சிலிருந்து வரும். குரல் மாறாது. இந்தக் குழந்தைக்குச் சத்தம் மூச்சை இழுக்கும்போது தொண்டையிலிருந்து வந்தது, குரல் அதற்கு முன்பே போயிருந்தது. குரல் முதலில், மூச்சுச் சத்தம் பிறகு என்ற இந்த வரிசையை யாராவது கேட்டிருந்தால் போதும். மூன்று நான்கு வாரத்தைத் தாண்டியும் குழந்தைக்குக் குரல் கம்மியே இருந்தால், யாராவது ஒருவர் குரல் நாணைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

ஸ்கோப்பில் பார்த்தது

எங்களிடம் வந்தபோது ஆக்சிஜன் அளவு 94. அழுதால் 88-க்கு இறங்கியது. அழுகையில் சத்தமே இல்லை. வாய் திறந்திருக்கிறது, முகம் சிவக்கிறது, கண்ணீர் வழிகிறது, காற்று மட்டும்தான் வருகிறது. கழுத்துக்குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இழுத்தது.

அம்மா மடியில் உட்காரவைத்து, போர்வையால் கையோடு சேர்த்துச் சுற்றி, மூக்கில் மரத்துப்போகும் மருந்து விட்டு, விளக்கமாற்று ஈர்க்கு பருமனில் இருக்கும் வளையும் ஸ்கோப்பை உள்ளே விட்டேன். பத்து விநாடிகூட ஆகவில்லை. இரண்டு குரல் நாண்கள் மீதும், அவை முன்னால் சேரும் மூலையிலும், மேலே இருக்கும் பொய் நாண்களிலும் வெளிர் இளஞ்சிவப்பில் கொத்துக் கொத்தாக வளர்ச்சி. கிட்டே போனால் மல்பெரிப் பழம் மாதிரி குருணை குருணையாக, ஒவ்வொரு குருணைக்குள்ளும் ஊசி முனை அளவில் ஒரு சிவப்புப் புள்ளி. அது ரத்தக்குழாய். மூச்சுக்கு மிச்சம் இருந்தது பின்பக்கத்தில் ஒரு நெல்மணி அளவு இடைவெளி.

அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “என்ன சார் இது, காலிபிளவரு மாதிரி இருக்கு?” என்றார். பாடப்புத்தகத்திலும் அந்த உவமைதான்.

நோயின் முழுப்பெயர் இளம்பருவ மீள்வரு சுவாசப்பாதைப் பாப்பிலோமாட்டோசிஸ். மனிதப் பாப்பிலோமா வைரஸ், அதாவது எச்.பி.வி., அதிலும் 6, 11 என்ற இரண்டு வகைகள்தான் காரணம். கையில் வரும் மருவுக்கும் பிறப்புறுப்பில் வரும் மருவுக்கும் காரணமான அதே வைரஸ் குடும்பம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டன் மருத்துவர் மோரெல் மெக்கென்சி குழந்தைகளின் குரல்வளையில் இதைத் தனியாக அடையாளம் கண்டு எழுதினார். 1940-ல் அமெரிக்காவின் செவாலியர் ஜாக்சன் இதற்கு ஒரு பெயர் வைத்தார். அரிய நோய்தான். 1995-ல் வெளியான அமெரிக்கக் கணக்கெடுப்பில் லட்சம் குழந்தைகளுக்கு சுமார் 4 பேர் என்று வந்தது.

இது புற்றுநோய் அல்ல. இந்த வாக்கியத்தைச் சொன்னவுடன் பெற்றோர் முகத்தில் தெரியும் நிம்மதியை நான் முழுதாக அனுமதிப்பதில்லை. மூன்று வயதுக் குழந்தையின் குரல்வளை திறப்பு சில மில்லிமீட்டர்தான். அந்த இடத்தில் முளைப்பது சாதுவா கெட்டதா என்பது அன்றைய ராத்திரிக்கு முக்கியமில்லை.

முதல் ஆபரேஷன்

மறுநாள் காலை தியேட்டரில் முதலில் பேச வேண்டியவர் மயக்க மருந்து மருத்துவர். எங்கள் மேடம் இருபது வருட அனுபவசாலி. “இவ மூச்சை நான் நிறுத்த மாட்டேன். நிறுத்தினா திருப்பிக் கொடுக்க முடியுமான்னு தெரியாது” என்றார். சாதாரண ஆபரேஷன்களில் தசைகளைத் தளர்த்தும் மருந்து கொடுத்து, குழாய் போட்டு, மெஷினில் மூச்சு ஓட்டுவோம். இங்கே அப்படிச் செய்தால், அடைத்திருக்கும் கொத்தைத் தாண்டிக் குழாய் போகாமல் போகலாம். அதனால் செவோஃப்ளூரேன் வாயுவில் மெல்லத் தூங்கவைத்து, குழந்தை தானாகவே மூச்சு விட்டுக்கொண்டிருக்க, மூக்கு வழியாக ஆக்சிஜன் ஓடவிட்டு, குழாயே இல்லாமல் வேலை செய்தோம். கழுத்தில் துளையிடும் செட்டைத் திறந்து பக்கத்தில் வைத்திருந்தோம். தேவைப்படவில்லை.

நான் எடுத்தது மைக்ரோ டிப்ரைடரால். மெல்லிய குழாய்க்குள் சுழலும் பிளேடு, கூடவே உறிஞ்சும் வசதி. கொத்தை உள்ளே இழுத்துச் சீவி எடுத்துவிடும், சூடு கிடையாது. கார்பன் டை ஆக்சைடு லேசரும் பல ஆண்டுகளாகப் பயன்படுகிறது. கை பழகியவர்களிடம் நல்ல கருவி. எனக்கு அதில் இரண்டு தயக்கங்கள். ஒன்று, ஆக்சிஜன் ஓடும் இடத்தில் தீப்பற்றும் அபாயம், திசுவில் சூட்டுக் காயம். இன்னொன்று புகை. அந்தப் புகையில் வைரஸின் மரபணுத் துணுக்குகள் இருக்கும். லேசரால் மருக்களை எரித்துவந்த ஓர் அறுவை மருத்துவருக்கே குரல்வளையில் பாப்பிலோமா வந்ததை 1991-ல் நார்வேயிலிருந்து பதிவு செய்திருக்கிறார்கள். புகை உறிஞ்சியும் சரியான முகக்கவசமும் இல்லாத தியேட்டரில் லேசரை ஆன் செய்யக் கூடாது.

எவ்வளவு எடுப்பது? இளம் மருத்துவர்களுக்குக் கை நிற்காது. கண்ணுக்குத் தெரிவதெல்லாம் போக வேண்டும் என்று தோன்றும். இந்த வைரஸ் பார்வைக்கு நன்றாக இருக்கும் பக்கத்துச் சளிச்சவ்விலும் தூங்கிக்கொண்டிருக்கிறது. எவ்வளவு ஆழமாகச் சுரண்டினாலும் நோய் போகாது, குரல் நாண்தான் தழும்பாகும். அதிலும் இரு நாண்களும் முன்னால் சேரும் மூலையில் இரண்டு பக்கமும் புண்ணாக்கிவிட்டால், ஆறும்போது ஒட்டிக்கொண்டு வாத்துக்கால் சவ்வு மாதிரி ஆகிவிடும். அப்புறம் பாப்பிலோமா போனாலும் குரல் வராது. அதனால் இடப்பக்க மூலையில் கொஞ்சத்தை வேண்டுமென்றே விட்டுவைத்தேன்.

இந்த நோய்க்கு அமெரிக்க மருத்துவர் டெர்க்கேயின் குழுவினர் 1998-ல் வகுத்த மதிப்பெண் முறை ஒன்று உண்டு. மூச்சுப்பாதையை 25 இடங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை போடுவோம். முதல் நாள் இவளுக்கு 13. குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழாய் சுத்தமாக இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பயாப்சியில் விரல் விரலான நீட்சிகள், நடுவே ரத்தக்குழாய், மேலே செதிள் செல் அடுக்குகள், சில செல்களில் உட்கருவைச் சுற்றி வைரஸுக்கே உரிய வெளிறிய வளையம். புற்றுநோய்க்கான மாற்றம் எதுவும் இல்லை. வைரஸ் வகை 11.

அந்த அறிக்கையைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. 11-ஆம் வகை 6-ஐவிட முரடு என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. அதைவிட முக்கியம் வயது. அமெரிக்கப் பதிவேட்டுக் கணக்கில், மூன்று வயதுக்கு முன் நோய் தெரிந்த குழந்தைகளுக்கு வருடத்தில் நான்கு ஆபரேஷனுக்கு மேல் தேவைப்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட 3.6 மடங்கு. இவளுக்கு இரண்டும் இருந்தது.

அம்மாவின் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு

இரண்டாவது ஆபரேஷன் ஐந்து வாரத்தில். மூன்றாவது அதிலிருந்து நான்கு வாரத்தில். அடுத்தது ஆறு, அடுத்தது ஐந்து.

இரண்டாவதற்குப் பிறகு அம்மா ஒரு வேலை செய்தார். குழந்தைக்கு அப்போதுதான் ஒன்று, இரண்டு சொல்ல வந்திருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் குளிப்பாட்டிவிட்டு, போனைக் கையில் பிடித்து, ஒரே மூச்சில் எண்ணச் சொல்லிப் பதிவு செய்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நான் கேட்கவில்லை. முதலில் பார்த்துவிட்டு வெறுமனே கட்டைவிரல் போட்டுக்கொண்டிருந்தேன். நான்காவது ஆபரேஷனுக்கு முன்னால்தான் விஷயம் புரிந்தது. ஆபரேஷன் முடிந்த இரண்டாம் வாரம் எட்டு, ஒன்பது வரை போகும். பிறகு ஏழு, ஆறு. ஐந்துக்குக் கீழே இறங்கினால் அடுத்த ஒரு வாரத்துக்குள் தூக்கத்தில் சத்தம் வந்துவிடும். ஸ்கோப்பில் பார்த்தால் கொத்து வளர்ந்திருக்கும்.

அதற்கப்புறம் தியேட்டர் தேதியை நாங்கள் அந்தக் கணக்கை வைத்தே போட்டோம். ‘ஐந்துக்கு இறங்கிடுச்சு சார்’ என்று செய்தி வந்தால் அந்த வாரமே இடம் ஒதுக்குவோம். அவசரமாக ராத்திரியில் ஓடிவருவது குறைந்தது. மூச்சு முட்டும்வரை காத்திருந்து செய்வதற்கும் அதற்கு முன்பே செய்வதற்கும் மயக்கத்தின் அபாயத்தில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

கொடை விழா இரவு

ஐந்தாவது ஆபரேஷன் முடிந்து நான்காவது வாரம். பாட்டி ஊரில் கோயில் கொடை. கூட்டம், புழுதி, கூடவே ஜலதோஷம். அந்த ஞாயிறு எண்ணிக்கை அனுப்ப மறந்துவிட்டார்கள். நள்ளிரவில் குழந்தைக்கு உதடு நீலமானது.

பக்கத்து ஊரில் இருந்த ஒரு மருத்துவமனைக்கு ஓடினார்கள். குழாய் போட முயன்றிருக்கிறார்கள், கொத்தைத் தாண்டிப் போகவில்லை. அங்கிருந்த அறுவை மருத்துவர் கழுத்தில் துளையிட்டு ட்ரக்கியாஸ்டமி செய்தார். குழந்தை பிழைத்தது. மறுநாள் அவருக்குப் போன் செய்து நன்றி சொன்னேன். ‘சார், இந்த நோயில ட்ரக்கியாஸ்டமி கூடாதுன்னு படிச்சிருக்கேன், ஆனா வேற வழி இல்ல’ என்று தயங்கினார். அந்த நிலையில் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

அவர் படித்தது சரிதான். பாப்பிலோமா கண்ட இடத்தில் முளைப்பதில்லை. மூச்சுப்பாதையில் தட்டையான செதிள் செல்லும் சளியைத் தள்ளும் மயிரிழைச் செல்லும் சந்திக்கும் எல்லைக்கோடுகள் அதற்குப் பிடித்த இடம். குரல் நாணின் விளிம்பு அப்படி ஒரு எல்லை. கழுத்தில் துளையிட்டால் அந்தக் காயம் ஆறும்போது மூச்சுக்குழாயில் புதிதாக இன்னொரு எல்லையை நாமே போட்டுக்கொடுக்கிறோம். மேலே வைரஸ் தயாராக இருக்கிறது. துளையிட்டதால் நோய் இறங்கியதா, நோய் கடுமையாக இருந்ததால்தான் துளையிட நேர்ந்ததா என்ற வாதம் இன்னும் முடியவில்லை. எனக்கு இரண்டும் உண்மை என்றே படுகிறது.

நான்கு நாளில் எங்களிடம் கொண்டுவந்தார்கள். குரல்வளையைச் சுத்தம் செய்தோம். அதற்கு மூன்று வாரத்தில் மறுபடி. அப்போதுதான் பார்த்தேன், குழாயின் நுனி உரசும் இடத்தில், மூச்சுக்குழாயின் முன்சுவரில், இரண்டு சிறு கொத்துகள். முதல் நாள் சுத்தமாக இருந்த அதே மூச்சுக்குழாய். இன்னும் நான்கு வாரத்தில், எட்டாவது ஆபரேஷன் மேஜையிலேயே, குழாயை எடுத்துவிட்டோம். ஒரு நாள் கூடுதலாக வைத்திருக்கவும் மனம் வரவில்லை. சி.டி. ஸ்கேனில் நுரையீரல் சுத்தம். நுரையீரலுக்குள் இறங்குவது மிகச் சில பேருக்குத்தான், ஆனால் இறங்கிவிட்டால் குழிகள் விழும், பிற்காலத்தில் புற்றுநோயாக மாறும் அபாயமும் அங்கேதான் அதிகம்.

என் போனில் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பதிவுகளை மேலே தள்ளிப் பார்த்தால் ஓரிடத்தில் எட்டு வாரம் எதுவும் இருக்காது. கழுத்தில் குழாய் இருந்தபோது குரலே கிடையாது.

மருந்து

பத்து மாதத்தில் பத்து ஆபரேஷன். வருடத்துக்கு நான்குக்கு மேல் போனால், அல்லது வேகமாக வளர்ந்து மூச்சை அடைத்தால், அல்லது குரல்வளைக்குக் கீழே இறங்கினால், கத்தியோடு கூட ஒரு மருந்தும் வேண்டும் என்பது பொதுவாக எல்லோரும் ஏற்ற வரையறை. மூன்றும் இவளுக்குப் பொருந்தியது.

இந்த நோய்க்கான மருந்துகளின் வரலாறு கொஞ்சம் சோகமானது. 1980-களில் உடலின் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் இன்டர்ஃபெரான் வந்தது. 1988-ல் வெளிவந்த ஒரு பெரிய சோதனையில் முதல் ஆறு மாதம் வளர்ச்சி குறைந்தது, பிறகு அந்தப் பலன் நிற்கவில்லை. அடுத்து சிடோஃபோவிர் ஊசியைக் கொத்துக்குள்ளேயே போடுவது பிரபலமானது. கண்ணில் வரும் வேறொரு வைரஸ் நோய்க்காக வந்த மருந்து அது. பலர் சத்தியம் செய்தார்கள். 2008-ல் மருந்தில்லாத வெற்று ஊசியோடு ஒப்பிட்டுப் பார்த்த சிறு சோதனையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்ற எச்சரிக்கை வேறு. நான் அதைத் தொடவில்லை.

நாங்கள் எடுத்தது பெவாசிசுமாப். புற்றுநோய் வார்டில் பல வருடமாகப் புழங்கும் மருந்து. புது ரத்தக்குழாய் முளைக்கத் தூண்டும் ஒரு புரதத்தை இது கட்டிப்போடும். ஒவ்வொரு குருணைக்குள்ளும் சிவப்புப் புள்ளி இருந்தது என்று சொன்னேனே, அதுதான் குறி. அந்த ரத்தக்குழாயை நம்பித்தான் கொத்து வாழ்கிறது. 2014-ல் ஜெர்மன் மருத்துவர்கள் ஐந்து நோயாளிகளுக்கு நரம்பு வழியாகக் கொடுத்து வேகமான பலன் கிடைத்ததை எழுதினார்கள். 2021-ல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து, யாருக்கு, எந்த அளவில், எப்படிக் கண்காணித்துக் கொடுப்பது என்று ஒரு பொதுக்கருத்து வெளியிட்டார்கள். குழந்தைகளுக்கு இந்த நோயில் முறையான அனுமதி கிடையாது. அதைப் பெற்றோரிடம் சொன்னோம், எழுதியும் வாங்கினோம். ரத்த அழுத்தம் ஏறலாம், சிறுநீரில் புரதம் போகலாம், ரத்தம் கசியலாம், புண் ஆறத் தாமதமாகலாம், வளரும் எலும்பில் கவனம் வேண்டும். எல்லாவற்றையும் அப்பா கேட்டுவிட்டு, “வாரா வாரம் எண்ணிக்கிட்டு இருக்கிறதுக்கு இது பரவால்ல சார்” என்றார்.

குழந்தைப் புற்றுநோய் மருத்துவர் பொறுப்பெடுத்துக்கொண்டார். பத்தாவது ஆபரேஷன் புண் ஆற நாலு வாரம் விட்டோம். கிலோவுக்கு 10 மில்லிகிராம், மூன்று வாரத்துக்கு ஒருமுறை. அப்போது எடை 12 கிலோ, ஆக 120 மில்லிகிராம். குப்பி வருவது நூறிலும் நானூறிலும். அந்த இருபதுக்காக இன்னொரு குப்பியை உடைக்க வேண்டும். அதனால் அதே மருந்து எடுக்கும் பெரியவர்கள் வரும் நாளிலேயே இவளையும் வரச்சொல்லி, மீதியைப் பகிர்ந்துகொண்டோம். உள்நாட்டுத் தயாரிப்புகள் வந்தபிறகு விலை குறைந்திருக்கிறது, ஆனாலும் லாரி டிரைவர் சம்பளத்துக்கு அது சின்னத் தொகை இல்லை. இந்த மாதிரிக் கணக்கெல்லாம் ஆய்வுக் கட்டுரைகளில் வராது.

முதல் டோஸ் முடிந்து மூன்றாவது வாரம் மறுபடி அம்மா மடி, போர்வை, ஸ்கோப். நான் பெரிதாக எதிர்பார்க்காமல்தான் பார்த்தேன். கொத்துகள் பாதிக்கும் கீழே சுருங்கியிருந்தன. நிறம் வெளுத்து, அந்தச் சிவப்புப் புள்ளிகளைக் காணோம். மல்பெரி இருந்த இடத்தில் ஊறிய சாதப் பருக்கை ஒட்டியிருப்பது போல இருந்தது. மேடத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். ‘திரும்ப வரும்ல?’ என்றார். மருந்தை நிறுத்தினால் வரும் என்றுதான் எல்லா அனுபவமும் சொல்கிறது. வைரஸை இது தொடுவதே இல்லை.

நான்கு டோஸுக்குப் பிறகு இடைவெளியை நான்கு வாரமாக்கி, பிறகு ஆறு, இப்போது எட்டு. தொடங்கிய மூன்றாவது மாதத்தில் மூச்சுக்குழாயில் மிச்சமிருந்த ஒரு கொத்தை மட்டும் எடுத்தோம். அது பதினோராவது ஆபரேஷன். அதற்குப் பிறகு பதினைந்து மாதம் ஆகிறது, தியேட்டர் பக்கம் வரவில்லை. ஒரு முறை சிறுநீரில் கொஞ்சம் புரதம் தெரிந்தது. ஒரு டோஸைத் தள்ளிப்போட்டதும் சரியாகிவிட்டது.

2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் இந்த நோய்க்கென்றே முதல் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. தோலுக்கடியில் பன்னிரண்டு வாரத்தில் நான்கு ஊசி. உடலின் எதிர்ப்பு சக்தியை 6, 11 வைரஸ்களுக்கு எதிராகத் திருப்பும் முறை. சோதனையில் 35 பேரில் 18 பேருக்கு அடுத்த ஒரு வருடம் ஆபரேஷன் தேவைப்படவில்லை. பெரியவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. அம்மா செய்தியை எங்கோ பார்த்துவிட்டு எனக்கு அனுப்பினார். அவளுக்கு இன்னும் வயதாகவில்லை என்று பதில் போட்டேன்.

அம்மா தனியாகக் கேட்டது

ஏழாவது ஆபரேஷன் சமயத்தில், மாமியார் டீ வாங்கப் போயிருந்தபோது, அம்மா உள்ளே வந்து கதவைச் சாத்தினார். “பிள்ளை உண்டாகியிருந்தப்போ எனக்கு அங்க சின்னச் சின்னதா மரு மாதிரி இருந்துச்சு சார். வெக்கப்பட்டுக்கிட்டு யார்கிட்டயும் சொல்லல. பிரசவத்துக்கு அப்புறம் தானா போயிருச்சு. என்னாலதான் வந்துச்சா?”

பொய் சொல்ல முடியாது. வைரஸ் பெரும்பாலும் பிரசவப் பாதையில் வருகிறது. தலைப்பிள்ளை, இளவயது அம்மா, சுகப்பிரசவம் என்ற சேர்க்கை இந்த நோயில் அடிக்கடி தென்படும், தலைப்பிள்ளைப் பிரசவம் நீளமாக இருப்பது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் டென்மார்க்கில் கணக்கெடுத்தபோது, கர்ப்ப காலத்தில் மரு இருந்த அம்மாக்களின் ஆயிரம் பிரசவங்களில் ஏழு குழந்தைகளுக்குத்தான் நோய் வந்தது. மீதி 993 பேர் அதே வழியாகத்தான் வந்தார்கள். சிசேரியன் செய்திருந்தால் தப்பியிருப்பாள் என்றும் சொல்ல முடியாது, சிசேரியனில் பிறந்த குழந்தைகளுக்கும் வந்திருக்கிறது. இதை எல்லாம் சொன்னேன்.

“வீட்ல சொல்லணுமா?”

“வேண்டாம்மா. வைத்தியத்துக்கு எனக்குத் தெரிஞ்சா போதும்.”

இந்த வைரஸ் உடலில் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும். யாரிடமிருந்து யாருக்கு, எப்போது என்று துப்பறிவதால் குழந்தைக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை, குடும்பம்தான் உடையும். சிலர் பிள்ளையைத் தனித்தட்டில் சாப்பிட வைப்பார்கள். அதுவும் தேவையில்லை, பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பிள்ளைக்கு ஒட்டாது.

தடுக்க வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது, இதில் எனக்குக் கொஞ்சம் ஆதங்கமும் உண்டு. ஆஸ்திரேலியா 2007-ல் பெண் பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசியைத் தேசிய அளவில் தொடங்கியது. 6, 11 வகைகளும் அடங்கிய ஊசி. அங்கே இந்த நோய் 2012-ல் லட்சம் குழந்தைகளுக்கு 0.16 ஆக இருந்தது 2016-ல் 0.02 ஆனது. அந்த ஐந்து வருடத்தில் மொத்தமே 15 குழந்தைகள், அவர்களில் ஒருவருடைய அம்மாவும் கர்ப்பத்துக்கு முன் ஊசி போட்டவரில்லை. இலங்கை 2017-லிருந்து பள்ளி மாணவிகளுக்குப் போடுகிறது. இந்தியாவில் 2023-ல் சந்தைக்கு வந்த புணே தயாரிப்பான செர்வாவாக்கிலும் 6, 11 உண்டு. நம் ஊரில் இந்த ஊசியைப் பற்றிய பேச்செல்லாம் கருப்பைவாய்ப் புற்றுநோயோடு நின்றுவிடுகிறது. 16, 18 மட்டும் உள்ள இருவகை ஊசி புற்றுநோயைத் தடுக்கும், இந்த நோயைத் தடுக்காது. எந்த ஊசி என்று கேட்டு வாங்க வேண்டிய விஷயம் இது.

இவளுக்கு ஒன்பது வயதானதும் போடுவோம். வந்துவிட்ட நோயை அது குணமாக்காது, ஆபரேஷன்களுக்கு நடுவில் இடைவெளியைக் கூட்டலாம் என்று சில தொகுப்பாய்வுகள் சொல்கின்றன. சான்று இன்னும் உறுதியாக இல்லை.

இப்போது

5 வயது 2 மாதம். எல்.கே.ஜி. முடித்துவிட்டாள். குரல் சற்றுத் தடித்திருக்கிறது, முன்மூலையில் மெல்லிய சவ்வு ஒன்று ஒட்டியிருக்கிறது. ஆறாவது ஆபரேஷனில் வீக்கத்தோடு செய்தபோது நான் விட்டுவைத்திருக்க வேண்டியதை எடுத்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். பெரியவளானதும் சரிசெய்யலாம், இப்போது தொட மாட்டேன்.

மருந்து இடைவெளியைப் பத்து வாரமாக்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அம்மாவுக்குப் பயம். ஆடி முடியட்டும் என்றார், சரி என்றேன்.

ஞாயிறு எண்ணிக்கை இன்னும் நிற்கவில்லை. இப்போது பத்தோடு நிறுத்துவதில்லை, மூச்சு இருக்கும்வரை போகிறாள். சென்ற மாதம் ஒருநாள் இருபத்திரண்டு. போன ஞாயிறு பதினாறில் நின்றது. அதற்கு முந்தைய வாரம் பத்தொன்பது. சளி பிடித்திருக்கிறது என்கிறார் அம்மா. புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.